குன்னூர் மழையில் ஒரு சட்டைப்பை கேமரா

நவம்பர் 14, மேட்டுப்பாளையம்

நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்துக்குள் நுழைந்தபோது நல்ல மழை. பக்கத்து நடைமேடையில் ஊட்டி ரயிலின் நீலப் பெட்டிகள் நின்றன. எஞ்சின் இல்லை. ஏதோ சரியில்லையே என்று நினைப்பதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. ராத்திரி பெய்த மழையில் பாதை மேல் மண்ணும் பாறையும் சரிந்திருக்கிறது, குன்னூர் வரை வண்டி ரத்து. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மட்டும் ஓடும்.

டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கும் வரிசையில் முக்கால் மணி நேரம். யாரும் சண்டை போடவில்லை என்பதுதான் ஆச்சரியம். பேரனுக்கு மலை ரயில் காட்ட தேவகோட்டையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "பாறை விழுந்ததுக்கு இவுக என்ன செய்வாக" என்று சொல்லி, தனக்கு முன்னால் முணுமுணுத்தவரை அடக்கிவிட்டார். பேரன் மட்டும் அடங்கவில்லை. எஞ்சின் இல்லாத பெட்டியின் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான். நானும் அவன் கட்சிதான்.

நான் வந்தது மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுக்க. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். வழியில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. எனக்கு வேண்டியது குகைகள். ரயில் உள்ளே நுழைந்ததும் திரை கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பில் வெட்டி, வேறொரு நாள் வேறொரு வெளிச்சத்தில் எடுத்ததை ஒட்டினால் பார்ப்பவருக்கு ஒட்டு தெரியாது. மழைக்குள் நுழைந்த வண்டி வெயிலில் வெளியே வரும். எடிட்டிங் மென்பொருளில் எந்த வித்தையும் வேண்டாம். மலையே வெட்டிக் கொடுக்கிறது.

கையில் இருப்பது சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடல், 2014-இல் வந்தது. பழையதாக 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரியோடு 290 கிராம். சட்டைப்பையில் போட்டால் பை தொங்கும், ஆனாலும் போகும். போனிலேயே எடுக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. எடுக்கலாம். போன் நன்றாகவே எடுக்கும், நாம் கேட்காததையும் சேர்த்துச் செய்யும். இருட்டை வெளிச்சமாக்கும், ஆட்டத்தை அடக்கும், வானத்தைத் திருத்தும். குகைக்குள் கறுப்பாகவே இரு என்றால் அதற்கு மனசு வராது. நடுவில் அத்தை வேறு கூப்பிடுவார்.

என் விதி ஒன்றுதான். கேமரா அசையக்கூடாது, அதற்கு முன்னால் இருப்பது அசையட்டும். இத்தனை லேசான பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி எடுத்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆட்டத்தை அடக்கும் கிம்பல் கைப்பிடி, டிரைபாட் என்று ஆரம்பித்தால் அப்புறம் சின்ன கேமரா எதற்கு? அதனால் பஸ் நிலையம் பக்கம் ஒரு மளிகைக் கடையில் அரைக் கிலோ கொள்ளு வாங்கினேன், 50 ரூபாய். ஒரு மஞ்சப்பை, 10 ரூபாய். கொள்ளைப் பையில் கொட்டி, பாதி தளர்வாக இருக்கும்படி சணலால் இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

"எதுக்குங்க தம்பி இது?" என்றார் கடைக்காரர்.

"கேமரா வைக்கறதுக்குங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கட்டிக் கொடுத்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இந்தப் பை ஜன்னல் விளிம்பு, மதில், பாறை எதன் மேலும் படிந்து உட்காரும். கேமராவை அழுத்தி வைத்தால் எந்தக் கோணத்தில் வைத்தோமோ அப்படியே நிற்கும். அரிசியும் ஆகும், ஆனால் ஈரம் பட்டால் ஊறிவிடும். கொள்ளு கொஞ்சம் தாங்கும்.

இட்லி நான்கு, வடை ஒன்று, 60 ரூபாய். சாம்பார் சூடாக இருந்தது என்பதைத் தவிர அதில் பாராட்ட ஒன்றுமில்லை. தேங்காய்ச் சட்னி மட்டும் கேட்கக் கேட்க ஊற்றினார்கள். கோவைப் பக்கத்து உபசரிப்பு, போதும் என்று இலையை மறைத்தால்தான் நிறுத்துவார்கள்.

குன்னூர் பஸ்ஸில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. சோதனைச் சாவடியில் ஒருவர் ஏறி, எல்லோர் கையிலும் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டு இறங்கினார். நீலகிரி முழுக்க அதற்குத் தடை. முன் இருக்கையில் இருந்த அம்மா மட்டும் இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், "அப்ப விக்கறவனைப் பிடிக்க வேண்டியதுதானே."

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. கண்டக்டர் அலட்டிக்கொள்ளாமல் சட்டைப்பையிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். தினமும் வைத்திருப்பார் போலிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள். இந்த கேமரா ஜூம் செய்யாத நிலையில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் பார்க்கும். கண்ணாடியை ஒட்டி வைத்து, ஃபோகஸைத் துளி மேல் கையால் பூட்டினேன். பின்னால் சாலையும் எதிரே வரும் லாரி விளக்குகளும் மங்கலான வட்டங்கள். வளைவில் பஸ் சாயும்போது துளிகளெல்லாம் ஒரு பக்கமாக ஓடி, அடுத்த வளைவில் திரும்பி வந்தன. குகை போனதற்கு இது ஒரு ஆறுதல்.

நவம்பர் 15, குன்னூர்

அறை 1,300 ரூபாய். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை, வாளியில். கம்பளியில் ஈரம் இல்லை என்று பையன் சத்தியம் செய்தான். இருந்தது.

காலையில் மார்க்கெட் பக்கம் டீக்கடை. குளிரிலிருந்து உள்ளே போனதும் பாய்லர் ஆவியில் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிட்டது. துடைக்கப் போனவன், அப்படியே பெஞ்சில் கொள்ளுப் பையை வைத்து கேமராவை ஓடவிட்டேன். முதலில் வெறும் வெள்ளை. பிறகு மஞ்சளாக ஒரு வெளிச்சம், டீ ஆற்றும் கையின் நிழல், கடைசியில் கண்ணாடி டம்ளர்களும் மாஸ்டரின் கம்பளித் தொப்பியும். லென்ஸ் சூடேறி ஈரம் காய முழுசாக ஒரு நிமிடம் ஆனது. இதையே கணினியில் செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, கொஞ்சம் கோணல்மாணலாகத் தெளிவது அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு டீக்கடையிலும் இதற்காகவே நுழைந்தேன். டீ 15 ரூபாய். வயிறுதான் பாவம்.

டீக்கடை டியூப்லைட் பற்றி ஒரு வார்த்தை, கேமரா ஆசாமிகளுக்காக. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு நூறு தடவை மின்னி அடங்குகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/60 விநாடியில் வைத்தால் சுவர் மேல் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். 1/50 அல்லது 1/100 என்றால் போய்விடும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, இந்த ஜோடியை மாற்றவே இல்லை. கை அசைவும் நடையும் இயல்பாகத் தெரிவது இதில்தான். வெயில் வந்தால் 1/50-க்கு வெளிச்சம் அதிகமாகிவிடும். அதற்கு இந்த கேமராவுக்குள்ளேயே ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, மூன்று ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும். இதே வரிசையில் பின்னால் வந்த சில மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள். வெயில் வந்தால்தானே என்கிறீர்களா? அதுவும் சரி.

மதியம் மழை விட்டது. பெட்ஃபோர்டு போகும் வழியில் ரோட்டோரம் பெரிய குட்டை. திரையை மேலே திருப்பிக்கொண்டு, கேமராவைத் தண்ணீர் விளிம்பில் தரையோடு தரையாக வைத்தேன். தலைகீழாக மரம், தலைகீழாக வீடு, தலைகீழாக நடந்து போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீட்டுக்குப் போய் படத்தைத் திருப்பிப் போட்டால் எல்லோரும் நேராக நிற்பார்கள், ஆனால் உலகம் லேசாக நெளியும்.

ஒரு ஆட்டோ நின்றது. "என்ன தம்பி, தண்ணிக்குள்ள என்னத்தைத் தேடறீங்க?"

திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மஃப்ளர். "அப்ப நான் இதுக்குள்ள வண்டியை விட்டா நல்லா இருக்குமே" என்றார். கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

"வேகமா வரட்டுமா, மெதுவா வரட்டுமா?"

விநாடிக்கு நூறு ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் எல்லாம் நாலில் ஒரு பங்கு வேகம். அதனால் வேகமாகவே வரச் சொன்னேன். நூறு ஃபிரேம் என்றால் தெளிவு 720 தான், முழு எச்டியைவிடக் குறைவு. குட்டைத் தண்ணீருக்கு அது போதும். முதல் தடவை சக்கரம் குட்டையின் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. "இருங்க, இருங்க" என்று அவரே பின்னால் எடுத்து, பின்னால் வந்த பைக்காரரை நிறுத்தி, மறுபடி வந்தார். இந்தத் தடவை தண்ணீர் மூன்றடி எழும்பியது. நான் கேமராவைக் குடையால் மூடியதால் அது தப்பியது. என் பேன்ட் தப்பவில்லை. திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பு! பைக்காரரும் பார்த்துவிட்டுத்தான் போனார். காசு வாங்க மாட்டேன் என்றார். டீக்கு மட்டும் வந்தார், கூட இரண்டு வர்க்கி. வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட எனக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை. நனைத்தால் அதன் அடுக்கடுக்கான மொறுமொறுப்பு போய்விடும் என்பது என் கட்சி. "பல்லு இருக்கறவன் பேச்சு" என்றுவிட்டார்.

பெரிய கேமராவோடு அந்த இடத்தில் நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். ஏதோ ஷூட்டிங் என்று ஒதுங்கிப் போயிருப்பார்.

நவம்பர் 16, குன்னூர்

வெலிங்டன் தாண்டி ஒரு தேயிலைச் சரிவு. ஏழெட்டு பெண்கள் வேலையில் இருந்தார்கள். முதலில் கேமராவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போய்ப் பேசினேன். சின்ன கேமராவில் திருட்டுத்தனமாக எடுப்பது சுலபம். அதனாலேயே கேட்டுவிட்டு எடுப்பது முக்கியம்.

"சினிமாவுல போடுவியா?" என்றார் ஒருவர். "போட்டா எங்களுக்குச் சம்பளம் உண்டா?" கூட்டம் சிரித்தது. அவர்களில் மூத்தவர், "மூஞ்சி வேணாம் தம்பி, கையை வேணா எடுத்துக்க" என்றார். சரி, கை.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலால் கிள்ளும் காட்சியைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். இங்கே இப்போது பெரும்பாலும் கத்திரி. ஒரு பக்கப் பிளேடில் பை பொருத்தியிருக்கிறது. வெட்ட வெட்ட இலை அதற்குள் விழும். அதன் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் வெட்டினால் வெறும் கிறீச். எட்டுப் பேர் வெட்டும்போது ஒரு தாளம் வருகிறது, ஒருவர் நிறுத்தினால் தாளம் மாறுகிறது. இந்த கேமராவில் வெளி மைக் சொருக வழியில்லை. அதனால் அதன் மைக் ஓட்டைகள் மேல் கொஞ்சம் பஞ்சை வைத்து மருந்துக்கடை டேப்பால் ஒட்டியிருந்தேன். காற்றின் புஸ் புஸ் பாதிக்கு மேல் குறைந்தது. படம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேமராவைச் செடிக்கு அடியில் வைத்து ஐந்து நிமிடம் சத்தம் மட்டும் பிடித்தேன். எந்த ஊரில் எடுத்தாலும் இப்படிச் சத்தத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். படம் சுமாராக வந்த இடங்களை அதுதான் காப்பாற்றும்.

மூத்தவரின் பாட்டி கண்டியிலிருந்து வந்தவராம். 1964-இல் இலங்கையோடு போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கத்திய தேயிலை மலைப்பகுதியான மலையகத்திலிருந்து வந்தவர்களில் பல குடும்பங்களை நீலகிரித் தோட்டங்களில்தான் குடியேற்றினார்கள். "அங்கயும் கொழுந்து, இங்கயும் கொழுந்து" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, கத்திரியை நிறுத்தவும் இல்லை.

கொஞ்சம் மேலே ஏறப் போனேன். "அந்தப் பக்கம் போகாத தம்பி, மாடு நிக்குது." காட்டெருமை. தேயிலைக்கு நடுவே கறுப்பாக முதுகு மட்டும் தெரிந்தது. இந்த கேமராவின் ஜூம் 70 மில்லிமீட்டரோடு முடிந்துவிடும். அவ்வளவு தூரத்தில் காட்டெருமை ஒரு புள்ளி. கிட்டே போகிற அளவுக்கு எனக்குக் கலை ஆர்வம் இல்லை. முன்னால் கத்திரிகள், பின்னால் அந்தப் புள்ளி என்று வைத்துக் காத்திருந்தேன். புள்ளி மெதுவாக இடமிருந்து வலம் நகர்ந்தது. பெண்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

மத்தியானம் டால்பின் நோஸ். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனால் பள்ளத்தாக்கு இருக்கிற இடத்தில் வெள்ளைச் சுவர். கேத்தரின் அருவி எங்கே என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூடுபனியில் தானியங்கி ஃபோகஸ் பிடிக்க எதுவும் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். அதை அணைத்துவிட்டு, பக்கத்துக் கம்பி வேலியைத் தாண்டி தூரத்தில் ஃபோகஸைப் பூட்டி, இருபது நிமிடம் ஓடட்டும் என்று விட்டேன். இதை இருபது மடங்கு வேகமாக ஓட்டினால் ஒரு நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில் பேட்டரி போய்விட்டது. குளிரில் இது கூடுதலாகவே சீக்கிரம் தீரும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி இன்னும் ஒரு நிமிடம் பிழிந்தேன். திரும்பும் வழியில் மக்காச்சோளம், சுட்டு மிளகாய்த்தூள் தடவியது, 50 ரூபாய். அந்தக் குளிருக்கு நூறு கொடுத்திருப்பேன்.

நவம்பர் 17, ஊட்டி

குன்னூரிலிருந்து டீசல் எஞ்சின் இழுக்கும் ரயில். கேத்தி பள்ளத்தாக்கில் பத்து நிமிடம் வெயில் வந்தது, காரட் வயல்கள் படிப்படியாகத் தெரிந்தன. பெட்டிக்குள் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்குப் பாய்ந்ததில் என் கொள்ளுப் பைக்கு இடமில்லை.

ஊட்டியில் எடுக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் நெரிசல், சாக்லேட் கடைகளில் நெரிசல், சாக்லேட்டில் சர்க்கரை. மார்க்கெட்டில் ஒரு கடையில் சாப்பிட்ட அவரைக்காய்க் குழம்பு மட்டும் நினைவிருக்கிறது. சாப்பாடு 90 ரூபாய். சாயங்காலம் செய்தி வந்தது. பாதையைச் சரிசெய்துவிட்டார்கள், நாளை வண்டி மேட்டுப்பாளையம் வரை போகும்.

நவம்பர் 18, இறக்கம்

முன்பதிவு இல்லாத பெட்டி டிக்கெட்டுக்காக குன்னூரில் சீக்கிரமே வரிசையில் நின்று, ஜன்னலும் பிடித்துவிட்டேன். பகல் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்பும் வண்டி குன்னூருக்கு மூன்றே காலுக்குப் பக்கத்தில் வரும். இங்கே டீசலைக் கழற்றி நீராவி எஞ்சினை மாட்டுகிறார்கள். எக்ஸ் கிளாஸ் என்று பெயர். பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை, பிறகு வந்தவை நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவை. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும்.

என் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியின் முன் பால்கனி. அங்கே பிரேக்ஸ்மேன் நிற்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர், கையால் சுழற்றும் பிரேக். ஐம்பது வயது இருக்கும். எதிர்ப் பக்கத்தில் ஒரு பையன் செல்ஃபி குச்சியை வெளியே நீட்டியதும், "தம்பி, பாறை குச்சியைப் பார்த்து ஒதுங்காது" என்றார். அதட்டலே இல்லை. குச்சி உள்ளே வந்துவிட்டது. உண்மையில் பாறைச் சுவர் சில இடங்களில் ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் போகிறது. என் கேமரா விளிம்புக்கு உள்ளேயே, கொள்ளுப் பை மேல், கயிறு மணிக்கட்டில்.

அப்புறம் குகைகள். வெளிச்சத்தை வெளியே இருக்கும் காட்டுக்கு அளந்து, எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டேன். தானியங்கியாக விட்டால் குகைக்குள் நுழைந்ததும் கேமரா பதறிப்போய் இருட்டைக் கிண்டி, புள்ளி புள்ளியாக எதையாவது காட்டும். வெளியே வரும்போது ஒரு விநாடி எல்லாம் வெள்ளையாக எரிந்துவிடும். பூட்டி வைத்தால் சுத்தமான கறுப்பு, உடனே சுத்தமான பச்சை. சாயங்காலமாக ஆக வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் குகைதான் வழி. லென்ஸ் துளையின் அளவான எஃப் எண்ணை மாற்ற வேண்டியதை உள்ளே கறுப்பாக இருக்கும்போது மாற்றிவிடுவேன். வெளியே வரும்போது யாருக்கும் தெரியாது.

நான் கணக்கில் வைக்காதது ஒன்று. குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க பிள்ளைகள் "ஓ" என்று கத்துகிறார்கள். பிள்ளைகள் என்ன, பாட்டிகளும்தான். ஒவ்வொரு குகைக்கும் ஒரு "ஓ", நீளக் குகைக்கு நீளமாக. திரை கறுப்பாக இருக்கும்போது காதுக்கு இது கிடைத்தால் ஒட்டு இன்னும் மறையும்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பற்சக்கரம் ஏதாவது ஒரு பல்லை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓரடி இறக்கம். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. வீடியோ எடுக்கிறவனுக்கு இதைவிடப் பொறுமையான வண்டி கிடையாது. பல்லில் பல் விழும் சத்தம் பெட்டித் தரை வழியாக உள்ளங்காலில் ஏறுகிறது. பிரேக்ஸ்மேன் அனுமதியோடு கேமராவைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் அதை மட்டும் பிடித்தேன்.

"போட்டோ கேமராவா, வீடியோவா சார்?"

"ரெண்டும்ங்க. இப்ப சத்தம் மட்டும்."

"சத்தம்னா கேளுங்க," என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். பிரேக் இறுகும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம், மழை நாளில் வேறு. கண்ணை மூடிக்கொண்டே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவாராம்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. எல்லோரும் இறங்கினோம். டீ 20, பருப்பு வடை 15. வடை நன்றாக இருந்ததா, பசியா, சொல்லத் தெரியவில்லை. கேமரா கையில் இருந்தது. கொள்ளுப் பை ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது பெரிய குரங்கு ஒன்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூரை மேல் போய்க்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்து நிதானமாகச் சணலைக் கடித்து, பையைக் கிழித்து, கொள்ளை ஒரு கை அள்ளி மென்றது. இரண்டு குட்டிகள் வந்தன. நடைமேடை முழுக்கக் கொள்ளு கொட்டியது. மொத்தப் பயணிகளும் டீயை விட்டுவிட்டு அதைத்தான் படம் எடுத்தார்கள்.

"கொள்ளு யாரோடது?" என்றார் பிரேக்ஸ்மேன். நான் கையைத் தூக்கினேன்.

"குரங்குக்குப் போடக்கூடாது சார், போர்டு இருக்குது பாருங்க."

விளக்கிச் சொல்ல எஞ்சின் ஊதும்வரை ஆனது. அவர் நம்பவில்லை என்றே தோன்றுகிறது. கிழிந்த மஞ்சப்பையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டேன், காட்டில் விட முடியாது. மீதி வழிக்குத் துண்டை நாலாக மடித்து வைத்தேன். கேமரா ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. கடைசிக் குகைகளெல்லாம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கின்றன.

கல்லாறு தாண்டினால் பாக்குத் தோப்புகள். குளிர் போய் வியர்க்க ஆரம்பித்தது. ஸ்வெட்டரைக் கழற்றும் கைகளால் பெட்டி நிறைந்தது. இறங்கும்போது பிரேக்ஸ்மேன், வீடியோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லி எண்ணைக் கொடுத்தார்.

நவம்பர் 22, சென்னை

மூன்று நிமிடம் என்று போனது மூன்றே கால் நிமிடத்தில் நிற்கிறது. வெள்ளையிலிருந்து தெளியும் டீக்கடை, கத்திரித் தாளம், பஸ் ஜன்னல் துளிகள், தலைகீழ்க் குட்டை. எல்லாவற்றுக்கும் நடுவே ரயில் குகைக்குள் போகிறது, வேறெங்கோ வெளியே வருகிறது. ஒரு குகையில் நுழைந்தால் தேயிலைத் தோட்டம், இன்னொன்றில் நுழைந்தால் டால்பின் நோஸ் மூடுபனி. பல்சட்டச் சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோணலான குகைகளைத் திருத்தாமல் விட்டுவிட்டேன், இறக்கத்துக்கு அது பொருந்துகிறது. குட்டைத் தண்ணீர் எழும்பும் காட்சி கொஞ்சம் நீளம்தான். ஆட்டோக்காரருக்காக அதை வெட்டவில்லை.

அத்தைக்குக் காட்டினேன். "ஊட்டியே வரலையேடா?" என்றார்.

கோப்பைச் சுருக்கி பிரேக்ஸ்மேனுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது, பின்னால் ஏதோ ஸ்டேஷன் அறிவிப்போடு. "நல்லா இருக்குது சார். ஆனா கடைசில கல்லாறு தாண்டி தோப்பெல்லாம் வருது, சத்தம் மட்டும் இன்னும் பல்லுமேலயே ஓடுது. கல்லாறோட பல்லு முடிஞ்சிருமே சார். அப்புறம் வெறும் சக்கரம்தான்."

நான் வெட்டும்போது பத்துத் தடவைக்கு மேல் கேட்டும் என் காதில் அது விழவில்லை. கல்லாறுக்குப் பிறகு எடுத்த கோப்புகளைத் தேடினேன், சத்தம் இருந்தது. பாக்குத் தோப்புக் காட்சிக்கு அடியில் அதைப் போட்டு மறுபடி அனுப்பினேன்.

"இப்ப சரிங்க" என்று பதில் வந்தது. கூடவே ஒரு குரங்குப் பொம்மை.